கண்மாய் நெறையலைன்னா கிளைமேட் சேஞ்ச்தான் காரணமா? சாட்டிலைட்ட வச்சு பாக்குறது எப்படி

தேவகோட்டை பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "சின்ன வயசுல எங்க கண்மாய் நெறஞ்சு வழிஞ்சு மறுகால் பாயும், இப்ப பாதிகூட நெறையல. இது கிளைமேட் சேஞ்சா? சாட்டிலைட் படத்த வச்சு நாங்களே பாத்துக்க முடியுமா?"

முடியும்ங்க, காசும் வேணாம். அமெரிக்காவோட லேண்ட்சாட் சாட்டிலைட்டுங்க 1972-ல இருந்து பூமிய படம் புடிச்சுக்கிட்டு இருக்கு, 2008-ல அந்த படங்கள இலவசமா தொறந்து விட்டாங்க, அதுல 1984-க்கு அப்புறம் உள்ளத வச்சு ஐரோப்பிய ஆணையத்தோட ஆராய்ச்சி மையம் குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு மேப்பே போட்டு வச்சிருக்கு. உங்க ஊர தேடி பெருசாக்கி, தண்ணி மாற்றத்த காட்டுற லேயர (Occurrence Change Intensity) போட்டு பாருங்க, தண்ணி கொறஞ்ச எடம் செவப்பாவும் கூடுன எடம் பச்சையாவும் தெரியும்.

ஆனா லேண்ட்சாட்ல ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம்ம கணக்குல 22 சென்ட். பெரிய கண்மாய்க்கு போதும். ஒரு ஏக்கர் ஊரணிக்கு நாலஞ்சு புள்ளிதான் வரும், அதுலயும் படித்துறையும் தண்ணியும் கலந்து கெடக்கும், அதுக்கு ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படத்த பாருங்க, அதுல ஒரு புள்ளி 10 மீட்டர்தான், என்ன, 2015-க்கு முந்துன படம் இருக்காது. ஐப்பசி கார்த்திகைல மேகம் மறைச்சிடும்ங்கிறதால தை மாச படமா எடுத்து வருஷா வருஷம் ஒப்பிடுங்க. கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை மண்டியிருந்தா அடியில தண்ணி இருந்தாலும் படத்துல செடியாத்தான் தெரியும், இத நேர்ல போய் பாக்காம முடிவு கட்டிடாதீங்க.

முக்கியமான விஷயமே இனிமேதான். தண்ணி கொறஞ்சத சாட்டிலைட் காட்டும், ஏன் கொறஞ்சுச்சுன்னு சொல்லாது, அதுக்கு மழைக்கணக்கு வேணும். 2016-ல வடகிழக்கு பருவமழை தமிழ்நாடு முழுக்க பொய்ச்சுது, அதனால 2017 தை படத்துல கண்மாய் வறண்டு தெரிஞ்சா அந்த ஒரு வருஷத்த வச்சு கிளைமேட்டே மாறிடுச்சுன்னு சொல்ல முடியாது, உலக வானிலை அமைப்பே 30 வருஷ சராசரிய வச்சுதான் பேசுது. மழை பழையபடியே பெய்ஞ்சும் தண்ணி பரப்பு சுருங்கிட்டே வந்தா மொதல்ல கண்மாய்க்கு தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால சந்தேகப்படுங்க, ரோடு போடுறப்ப அடைச்சிருப்பாங்க, பிளாட் போட்டிருப்பாங்க, மேல் கண்மாய்ல இருந்து வர்ற மறுகால் தண்ணிய யாராவது திருப்பியிருப்பாங்க. மொத்த மழை அதேதான், ஆனா ரெண்டு மூணு நாள்லயே கொட்டித் தீத்துடுதுன்னா அங்க கிளைமேட்டோட கை இருக்கலாம், காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும், அதான் பெய்யுறப்ப மொத்தமா கொட்டுது.

சாட்டிலைட் மழைக்கணக்கும் இருக்கு, நாசாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்துற ஜிபிஎம். அதுல சுமார் 10 கிலோமீட்டர் கட்டம் முழுக்க ஒரே கணக்குதான். காரைக்குடில வெளுத்து வாங்குற அன்னைக்கு பக்கத்து ஊர்ல தூறல்கூட இல்லாம போறது நம்ம பக்கம் சகஜம்தானே, அதனால கிட்ட இருக்குற மழைமானியோட பழைய பதிவ கேட்டு வாங்குங்க, உங்க ஊர் பள்ளிக்கூடத்துலயும் ஒண்ணு வச்சு தினமும் காலைல எட்டரைக்கு அளந்து நோட்டுல எழுதச் சொல்லுங்க. உலகம் பூரா சாட்டிலைட் கணக்க சரிபாக்குறதே இந்த மாதிரி தரையில எடுத்த அளவ வச்சுத்தான்.