'தி வொர்ஸ்ட் பெர்சன் இன் தி வேர்ல்ட்' என்ற நார்வே படத்தில் நாயகி ஜூலி, கூட வாழ்பவனை விட்டுவிட்டு வேறொருவனிடம் போவது சுயநலம்தானே?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்களையும் யாரோ காரணம் சொல்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

முதலில் ஒன்று. படத்தில் 'உலகத்திலேயே மோசமான ஆள் நான்தான்' என்ற குற்ற உணர்வு வருவது ஜூலிக்கு இல்லை, அவள் தேடிப் போகும் எய்வினுக்கு. கூட வாழ்ந்தவளுக்குத் துரோகம் செய்கிறோமே என்று அவன் படும் பாடு அது. தலைப்பைப் பார்த்ததும் பெண்ணைத்தான் சொல்கிறார்கள் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம்.

ஜூலி மருத்துவம் படிக்கப் போய், உளவியலுக்கு மாறி, அப்புறம் கேமராவைத் தூக்கியவள். அவளுடன் வாழும் அக்செல் படக்கதை வரைகிறவன், 40 தாண்டியவன். கெட்டவன் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் வார்த்தையில் போட்டு விளக்கியாக வேண்டும் அவனுக்கு. ஒரு காலையில் அவன் காபி ஊற்றியபடியே உறைந்து நிற்க, ஆஸ்லோ நகரமே அசையாமல் நிற்க, அவள் மட்டும் எய்வினைப் பார்க்கத் தெருத்தெருவாக ஓடுகிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தபோது 29 வயது. பையன் தங்கமானவர். ஹோட்டலில் சர்வர் என்னிடம் கேட்டால், "அவங்களுக்கு நெய் ரோஸ்ட்" என்று அவர் சொல்வார். எனக்கும் நெய் ரோஸ்ட்தான் பிடிக்கும். அதுதான் சிக்கல். இதை வீட்டில் எப்படிச் சொல்வது? "குடிக்கிறானா? வேற பொண்ணு இருக்கா? நகை கூடக் கேட்டாங்களா?" என்று அம்மா வரிசையாகக் கேட்டார். ஒன்றுக்காவது ஆமாம் என்றிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

'வெளிநாட்டுப் படம் பார்த்துக் கெட்டுப்போனவள்' என்று எழுத வருபவர்கள் கவனிக்க: நான் நிச்சயத்தை முறித்தது 2017இல், படம் வந்தது 2021இல். நான் செய்ததை எல்லோரும் செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை. சுயநலமா என்றால், ஆமாம், சுயநலம்தான். ஜூலிக்கும் அது தெரியும். புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்செல், என் படைப்பில் வாழ வேண்டாம், உன்னோடு என் வீட்டில் வாழத்தான் ஆசை என்கிற மாதிரி சொல்லும்போது அவள் முகத்தைப் பாருங்கள். ரெனாத்தே ரெயின்ஸ்வேவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது கொடுத்தது சும்மா இல்லை. எனக்கு நிச்சயம் செய்திருந்தவர் நல்லவேளை இரண்டு குழந்தைகளோடு சௌக்கியமாக இருக்கிறார், டிபியில் பார்த்தேன்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்காரர் அட்வான்ஸ் 40,000 ரூபாயைத் திருப்பித் தரவே இல்லை. தேதிக்கு 4 மாதம் இருந்தது, அதே முகூர்த்தத்தில் வேறு கல்யாணமும் நடந்தது, அப்படியும் தரவில்லை. "ஒரு வருஷத்துக்குள்ள பாப்பாவுக்கு வேற இடம் அமைஞ்சா கழிச்சுக்கலாம் சார்" என்றாராம். அப்பா அந்த ரசீதை இன்னும் பீரோவில்தான் வைத்திருக்கிறார்.