அமெரிக்க இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட்டின் ஆபரெட்டாக்கள் (பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசை நாடகங்கள்) இன்று அதிகம் மேடையேறுவதில்லை. பிறகு ஏன் அவரை முக்கியமானவர் என்கிறார்கள்?

1886-இல் ஜெர்மனியிலிருந்து நியூயார்க் வந்தவர் ஹெர்பர்ட். அங்குள்ள மெட்ரோபொலிட்டன் ஆபரா என்ற இசை நாடக அரங்கில் மனைவி பாடினார், இவர் செல்லோ வாசித்தார். அப்புறம் ‘பேப்ஸ் இன் டாய்லேண்ட்’ (1903), ‘நாட்டி மரியெட்டா’ (1910) என்று ஆபரெட்டாவில் கொடிகட்டிப் பறந்தார்.

ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய பெரிய கொடை நீதிமன்றத்தில்தான். ஷான்லி என்ற நியூயார்க் உணவகம் அவருடைய ‘ஸ்வீட்ஹார்ட்ஸ்’ பாட்டை அனுமதி வாங்காமல் பாடவைத்தது. பாட்டுக்கென்று தனியாகக் காசு வாங்கவில்லையே என்று வாதாடியது. கீழ் நீதிமன்றங்களில் ஹெர்பர்ட்டுக்குத் தோல்வி, விடவில்லை மனிதர். 1917-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சாப்பாட்டு விலைக்குள்ளேயே இசையும் அடக்கம் என்றார் நீதிபதி ஹோம்ஸ். ஹெர்பர்ட்டும் சேர்ந்து 1914-இல் தொடங்கிய அஸ்காப் என்ற அமெரிக்க இசைப் படைப்பாளிகள் சங்கம், இந்தத் தீர்ப்பின் பலத்தில்தான் ஹோட்டல்களிடம் உரிமத்தொகை வசூலித்து இசையமைப்பாளர்களுக்குக் கொடுத்தது.