இலைப்பேன் திரும்பி வந்தால் மருந்து போலியா?

கேள்வி: தொட்டிகளில் தக்காளி வளர்க்கிறேன். இலைகளில் வெள்ளி பூசியது போன்ற திட்டுகளும் சின்னக் கரும்புள்ளிகளும் தெரிந்தன. இலைப்பேன் என்று சொல்லிக் கடையில் ஒரு பூச்சிமருந்து கொடுத்தார்கள். அடித்த இரண்டாம் நாள் ஒரு பூச்சியும் இல்லை. ஒரு வாரத்துக்குள் மறுபடியும் வந்துவிட்டது. போலி மருந்தைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா? இப்போது இதைவிட வீரியமான மருந்தை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.

பதில்: வாங்காதீர்கள். போலி மருந்தாக இருந்தால் அந்த ஒரு வார நிம்மதியும் கிடைத்திருக்காது. மருந்து வேலை செய்திருக்கிறது, ஆனால் தனக்கு எட்டிய பூச்சிகளின் மேல் மட்டும்.

பெண் இலைப்பேன் முட்டையை இலையின் மேல் இடுவதில்லை. வயிற்று நுனியில் உள்ள ரம்பம் போன்ற உறுப்பால் இலையைக் கீறி, திசுவுக்குள் செருகிவிடுகிறது. மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்வதில்லை. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிக்கு இறக்கை கிடையாது, வெளிர்மஞ்சளாக இருக்கும். இரண்டு பருவங்கள் சாற்றை உறிஞ்சி வளர்ந்தபின் பெரும்பாலானவை கீழே விழுந்து மேல்மண்ணிலோ சருகுக்கு அடியிலோ ஒடுங்கிக்கொள்கின்றன. அங்கே எதையும் தின்னாமல் மேலும் இரண்டு பருவங்களைக் கழித்துவிட்டு, இறக்கையோடு செடிக்குத் திரும்புகின்றன. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இந்த முழுச் சுற்றும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். குளிர்ந்த பருவத்தில் ஒரு மாதம்கூட ஆகலாம்.

ஆக, நீங்கள் மருந்தடித்த அன்று ஒரு கூட்டம் இலைக்குள்ளும் இன்னொரு கூட்டம் மண்ணிலும் பத்திரமாக இருந்தது. அடுத்த வாரம் நீங்கள் பார்த்தது அவற்றைத்தான்.

கையில் உள்ள அதே மருந்தை, லேபிள் அனுமதிக்கும் இடைவெளியில் மீண்டும் அடியுங்கள். வெப்பக் காலத்தில் ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி பொருத்தமானது. இலையின் அடிப்பக்கமும் பூங்கொத்தும் நனைய வேண்டும். தேனீக்கள் அடங்கிய மாலை நேரமே நல்லது. எத்தனை முறை அடிக்கலாம், அடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் லேபிளில் இருக்கும். உண்ணும் காய் என்பதால் அந்தக் கணக்கை மீறவே கூடாது.

சரியாக அடித்தும் மறுநாளே பூச்சிகள் உயிரோடு திரிந்தால், அவை அந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கலாம். அப்போது மருந்தை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெயரைப் பார்த்து மாற்றாதீர்கள். ஒரே வேதிப்பொருள் பல பெயர்களில் விற்கப்படுகிறது. லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் படித்து, வேறு வகையைச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ‘வீரியமானது’ என்று விற்கப்படுவது பல சமயம் எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்து. இலைப்பேனைத் தின்னும் பூச்சிகளும் சிலந்திப்பேன்களும் அதில் முதலில் அழிந்தால், அடுத்த தலைமுறை இலைப்பேனுக்குத் தடையே இருக்காது.

கேள்வி: வேப்ப மருந்தும் நீல நிற ஒட்டும் அட்டையும் வாங்கினால் போதாதா?

பதில்: வேப்ப மருந்து வாங்கும்போது அசாடிராக்டின் அளவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இளம்பூச்சி தோலுரித்து வளர்வதைக் கெடுப்பது அதுதான். வளர்ந்த பூச்சி அதனால் உடனே சாகாது, பொறுமை வேண்டும். அட்டையில் பறக்கும் பூச்சிகள் மட்டுமே ஒட்டும். வரவைத் தெரிந்துகொள்ள ஒன்றிரண்டு போதும். அட்டைகளை மட்டும் நம்பிச் செடியைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பூத்த தக்காளி நாற்றுகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: முதலில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் பூக்களைத் தட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய பூச்சிகள் ஓடினால் வைத்துவிட்டு வாருங்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ். நோயுற்ற செடியின் சாற்றை இளம்பருவத்தில் உறிஞ்சிய இலைப்பேன், வளர்ந்து பறக்கும்போது அந்த வைரஸைச் செடிக்குச் செடி பரப்புகிறது, சாகும்வரை பரப்பவல்லது. இளம் இலைகள் வெண்கல நிறமாகி, காயில் வளையங்கள் தோன்றினால் அந்தச் செடிக்கு மருந்து வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். குணப்படுத்தும் மருந்தே கிடையாது. பிடுங்கி, பைக்குள் கட்டி அகற்றுங்கள். சுத்தமாகத் தெரியும் நாற்றையும் இரண்டு வாரம் தனியே வைத்திருங்கள். இலைக்குள் முட்டை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

விதை உறையில் ‘டி.எஸ்.டபிள்யூ.வி. எதிர்ப்பு’ என்று இருந்தால், அது இந்த வைரஸைத் தாங்கும் ரகம் என்றே பொருள். இலைப்பேன் அந்தச் செடியிலும் சாறு உறிஞ்சும்.