போதை ஊசி போடுபவர் என்று ஐயம் இருந்தும் மருந்துக்கடையில் புது ஊசி விற்கலாமா?

காரைக்குடியில் மருந்துக்கடை நடத்தும் நீங்கள், போதைப் பழக்கம் உள்ளவர் என்று ஐயப்படும் இளைஞர் ஒருவர் ஊசி மட்டும் கேட்டால் கொடுப்பது அவருடைய பழக்கத்துக்குத் துணைபோவது ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவகோட்டையில் நெடுங்காலமாக மருந்தாளுநராக இருக்கும் என்னுடைய பதில், கொடுங்கள் என்பதே. உங்கள் பகுதியில் அதிகாரிகள் தடை உத்தரவு ஏதும் போட்டிருந்தால் மட்டும் அதை மீற வேண்டாம்.

எங்கள் கடையில் அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் "அப்பத்தாவுக்கு இன்சுலின் போடணும்ணே" என்பார்கள். எந்த இன்சுலின் என்று திருப்பிக் கேட்டால் விழிப்பார்கள். அங்கே நிறுத்திவைத்துத் துருவி விரட்டினால் அவர் ஊசி போடுவதை விட்டுவிடப் போவதில்லை, கூட்டாளி போட்டுவிட்டு வைத்திருக்கும் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்வார். கண்டிப்பு காட்ட வேண்டிய இடம் மாத்திரைதான். போதைக்காகக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல், எவ்வளவு தெரிந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், கொடுக்கவே கூடாது.

பகிர்ந்த ஊசியில் ஏன் இவ்வளவு ஆபத்து என்பதை ஒரு சிரிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஊசியைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகையில், மருந்தை உள்ளே தள்ளும் தண்டைக் கடைசிவரை அழுத்திய பிறகும் ஊசி பொருந்தும் கழுத்துப் பகுதியில் கொஞ்சம் இரத்தம் தங்கிவிடும். ஊசி நிலையாகப் பொருத்தப்பட்ட இன்சுலின் சிரிஞ்சில் அது மிகக் குறைவு. தங்கிய அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. பல வாரங்களும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் 63 நாள் வரையிலும் உயிர்ப்புடன் இருக்க முடியும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. வெந்நீரில் அலசிவிட்டோம் என்பது பாதுகாப்பு ஆகாது. பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: ஊசி ஆளுக்கொன்று இருந்தாலும், மருந்து கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, தண்ணீர் ஆகியவை பொதுவாக இருந்தால் ஹெபடைடிஸ் சி அவற்றின் வழியாகவும் தொற்றும். ஆகவே ஊசியை நீட்டும்போதே, "தம்பி, இதை யாருக்கும் கொடுக்காதே, தண்ணீரும் பஞ்சும்கூட உனக்கென்று தனியாக வைத்துக்கொள்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுங்கள். உபதேசம் அதற்குமேல் நீண்டால் அடுத்த முறை வர மாட்டார்.

மீண்டும் வருகிறவரிடம்தான் மற்றவற்றைச் சொல்ல முடியும். ஹெபடைடிஸ் பி வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லையென்றாலும், பெரும்பாலானோருக்கு 12 வார மாத்திரையிலேயே முழுமையாகக் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களுக்குப் போகலாம், 1097 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஊரில் தெரிந்துவிடும் என்ற அச்சம்தான் நம் பக்கத்தில் எல்லாவற்றையும் தடுக்கிறது என்பதால், சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது என்பதை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். தொற்றைத் தடுப்பதற்காகச் சுத்தமான ஊசி வழங்கும் திட்டங்களைக் குற்றமாகக் கருதக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு, மேற்பார்வையில் நாக்கின் அடியில் வைக்கும் புப்ரனார்ஃபின் கொடுத்து ஊசியிலிருந்தே விலக்கும் சிகிச்சையும் நாட்டில் நடைமுறையில் உள்ளது.

போட்ட ஊசியை ஊருணிக் கரையிலும் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பின்கட்டிலும் எறிவது எங்கள் ஊரிலும் நடக்கிறது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மூடியோடு அவரிடம் கொடுத்து, அதில் போட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை உங்கள் ஊரில் மருத்துவக் கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடலாம். தூய்மைப் பணியாளர் யாருக்காவது கிடந்த ஊசி குத்திவிட்டால், இரத்தத்தைப் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும்.