கடல்பாசி ஆய்வைப் பொதுவான வேதியியல் ஜர்னலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் கடல்பாசியை வைத்து பிஎச்டி செய்கிறேன். வேதியியலின் எல்லாப் பிரிவுகளையும் எடுத்துக்கொள்ளும் ஜர்னலுக்கு அனுப்பச் சொல்கிறார் கைடு. சீனியரோ, 'அவன் எதைக் கொடுத்தாலும் போடுவான், மதிப்பே கிடையாது' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கைடு சொல்வதுதான் சரி. எதைக் கொடுத்தாலும் போடுவான் என்று நம்பித்தான் நானும் முதல் பேப்பரை அனுப்பினேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எனக்குப் பாம்பன். கட்டக்கோரைப் பாசியைக் காயவைத்துப் பொடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டிய சாற்றைச் சில்வர் நைட்ரேட்டில் ஊற்றி வெள்ளி நானோ துகள் செய்வது என் வேலை. கரைசல் பழுப்பாக மாறியது. ஒளி உறிஞ்சலில் 420 நானோமீட்டர் பக்கம், வெள்ளி நானோ துகளுக்கு உரிய பட்டை வந்தது. படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர்ச் சோதனையான எக்ஸ்ஆர்டியில் 38 டிகிரியில் வெள்ளிக்கு உரிய சிகரம் இருந்தது. கூடவே 32லும் 46லும் அதைவிட உயரமாக இரண்டு. இந்த வகைப் பேப்பர்களில் பலரும் எழுதுகிற மாதிரி 'பாசியில் உள்ள கரிமப் பொருட்களால் வந்தவை' என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிட்டேன்.

பாசி, நானோ என்று மட்டுமே இயங்கும் ஜர்னலாக இருந்தால் அந்த வரி தப்பியிருக்கலாம். பொது ஜர்னலில் ரிவியூவர் எந்தப் பிரிவிலிருந்தும் வருவார். எனக்கு வந்தவர், கேள்விகளை வைத்துப் பார்த்தால், கனிம வேதியியல் ஆள். பாசியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. 'இந்த இரண்டு சிகரமும் சில்வர் குளோரைடு இல்லையா? உப்பை எப்படி நீக்கினீர்கள்?' அவ்வளவுதான். ரிஜெக்ட்.

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு லிட்டர் கடல்நீரில் குளோரைடு மட்டும் சுமார் 19 கிராம், அதாவது அரை மோலாருக்கு மேல். நான் போட்ட வெள்ளி ஒரு மில்லிமோலார். கடலோரத்தில் பிறந்தவனுக்கு, ப்ளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் குளோரைடும் வெள்ளியும் சேர்ந்தால் வரும் வெள்ளை வீழ்படிவைப் பார்த்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

பாசியை அலசினால் மேலே ஒட்டிய உப்புதான் போகும், உள்ளே இருப்பது சாற்றோடு வந்துவிடும். அதனால் சாற்றை, உப்பையும் சிறிய மூலக்கூறுகளையும் மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் கட்டி, வெளித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். அந்தத் தண்ணீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால் கலங்கக் கூடாது. மூன்றாம் நாள்தான் கலங்காமல் நின்றது. பிறகு செய்த துகளில் 32, 46 இரண்டும் காணவில்லை. அப்புறம் எதிர்பாராத ஒரு லாபம்: உப்போடு சிறிய மூலக்கூறுகளும் வெளியேறிவிட்ட பிறகும் வெள்ளி அயனி ஒடுங்கி உலோகமாகிறது என்றால், வேலை செய்வது பெரிய பாலிசாக்கரைடுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) என்று சொல்ல வழி கிடைத்தது. அதைத்தான் அடுத்த ஜர்னலுக்கு அனுப்பிய கவர் லெட்டரின் முதல் பத்தியாக வைத்தேன். எடிட்டருக்குக் கட்டக்கோரை தெரிய வேண்டியதில்லை, 'எது ஒடுக்குகிறது' என்பது எந்த வேதியியலாளருக்கும் புரியும்.

உங்கள் சீனியர் இரண்டு வகையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். 1879 முதல் வரும் ஜாக்ஸ் (அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஜர்னல்), ஜெர்மனியின் ஆங்கேவாண்டே போன்றவையும் பொது ஜர்னல்கள்தான். அங்கே துறையே திரும்பிப் பார்க்கிற சேதி வேண்டும். 2011இல் தொடங்கிய ஆர்எஸ்சி அட்வான்சஸ், 2016இல் வந்த ஏசிஎஸ் ஒமேகா போன்றவை பரபரப்பை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. செய்தது சரியா, சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இது லேசான பரீட்சை இல்லை என்பதற்கு நானே சாட்சி.

காசு விஷயம் முக்கியம். ஆர்எஸ்சி அட்வான்சஸ், ஏசிஎஸ் ஒமேகா இரண்டும் முழுக்கத் திறந்த அணுக்க ஜர்னல்கள், யாரும் இலவசமாகப் படிக்கலாம். கட்டணம் ஆசிரியர் தலையில், லட்ச ரூபாயைத் தொடும். கைடின் புராஜெக்டில் பணம் இல்லையென்றால் நியூ ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி, பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமியின் ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்சஸ் இரண்டையும் பாருங்கள். படிப்பவர் சந்தா கட்டும் வழியில் போட்டால் ஆசிரியருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டும் பொது ஜர்னல்களே. 'மூன்று நாளில் ஏற்கிறோம்' என்று மெயில் வந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள். எங்கள் லேபில் ஒருவர் அப்படி மாட்டி, பணமும் போய், பேப்பரைத் திரும்ப வாங்கவும் முடியாமல் தவித்தார்.

பாசியை எங்கே, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்பதை இன்றே நோட்டில் எழுதுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே எடுத்திருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். என்னுடையது கரை ஒதுங்கிய பாசி, அதனால் தப்பித்தேன். ஆனால் இரண்டாம் ஜர்னலின் ரிவியூவர் தேதி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அள்ளிக் கொடுத்த அத்தைக்குப் போன் போட்டேன். பாசி எடுக்கத் துணி சுற்றிய விரலோடு கடலுக்குள் முங்கி எழுகிறவர். 'கச்சான் அடிச்ச நேரம்டா. ஏர்வாடி சந்தனக்கூடு முடிஞ்சு நாலாம் நாள், ஒனக்குச் சாக்குல கட்டிக் குடுத்தேனே' என்றார். காலண்டரில் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவைத் தேடிப் பிடித்து, நாலு நாள் கூட்டித்தான் அந்தப் பேப்பரில் தேதி ஏறியது.