சர்க்கரை போடாமல், வீட்டில் காய்க்கும் சப்போட்டாப் பழத்தை வைத்தே ஓட்ஸ் பார் செய்தால் உதிராமல் வருமா?

வரும். ஆனால் பழத்தை அப்படியே மசித்து ஓட்ஸில் கொட்டினால் வராது. முதல் இரண்டு முறை நான் அப்படித்தான் செய்தேன், மேலே காய்ந்து உள்ளே களி மாதிரி இருந்தது, கத்தி வைத்ததும் உதிர்ந்துவிட்டது.

கடலை மிட்டாயை நினைத்துப் பாருங்கள். வெல்லப் பாகு இனிப்புக்கு மட்டுமா, கடலையைப் பிடித்து நிறுத்துவதும் அதுதானே. பாகு வேண்டாம் என்றால் அந்த வேலையையும் பழம்தான் செய்ய வேண்டும், அதற்குப் பழத்தில் இருக்கும் தண்ணீர் வற்ற வேண்டும்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கொல்லையில் இருந்த பலா சாய்ந்துவிட்டது, அந்த இடத்தில் மாமியார் வைத்த சப்போட்டா ஒட்டுக் கன்று இப்போது சாப்பிட்டுத் தீராத அளவுக்குக் காய்க்கிறது. சப்போட்டா பழுத்தாலும் நிறம் மாறாது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியக் கூடாது, அப்போதுதான் பறிக்கலாம். பறித்ததை அரிசிப் பானையில் புதைத்து, அழுத்தினால் நன்றாக அமுங்கும் வரை விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு அரைப்பழத்தைப் போட்டால் அந்தத் துவர்ப்பு வேகவைத்தாலும் போகாது.

எட்டுப் பழத்தின் சதையை (கொட்டை ஒன்றுகூடத் தங்கக் கூடாது, நுனி கொக்கி மாதிரி இருக்கும், குழந்தைகள் தொண்டையில் சிக்கும்) தோல் கறுத்த ஒரு கற்பூரவள்ளி வாழைப்பழத்தோடு மசித்து, அடி கனமான கடாயில் சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் கடாயின் அடி தெரிந்து கோடு அப்படியே நிற்க வேண்டும், ஏறக்குறைய அல்வா பதம். இதில்தான் பொறுமை வேண்டும், மற்றதெல்லாம் சுலபம். ரோல்டு ஓட்ஸ் 2 கப்பை வாசம் வர வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலை அரை கப், பண்ருட்டித் துண்டு முந்திரி ஒரு கைப்பிடி, நெய் 2 ஸ்பூன், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றையும் வற்றிய பழத்தோடு சேர்த்துப் பிசைந்து, தட்டில் போட்டு டம்ளரின் அடியால் பலமாக அழுத்துங்கள். ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) 170 டிகிரியில் அரை மணி நேரம். ஓரம் சிவந்தால் எடுத்துவிடலாம். முழுதாக ஆறவிட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு வெட்டுங்கள், சூடாக இருக்கும்போது கத்தியே வைக்காதீர்கள். 12 துண்டு வரும்.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம். சீக்கிரம் குழையும், ரத்தத்தில் சர்க்கரையையும் வேகமாக ஏற்றும்.

அப்புறம், சர்க்கரை போடவில்லை என்று சுகர் இருப்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள். சப்போட்டா, வாழை இரண்டுமே நல்ல இனிப்புள்ள பழங்கள், வற்ற வைத்தால் அந்த இனிப்பு இன்னும் அடர்த்தியாகிறது. ஓட்ஸ் ரத்தத்தில் கொழுப்பைக் (கொலஸ்ட்ரால்) குறைக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் அதற்கு நாளுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் (ஓட்ஸில் இருக்கும் ஒரு நார்ச்சத்து) வேண்டும், அதாவது 60, 70 கிராம் ஓட்ஸ். இந்த ஒரு துண்டில் ஓட்ஸ் 15 கிராம்தான் இருக்கும். எங்கள் மாமனாருக்கு சுகர் உண்டு, அவருக்கு மாலை டீயோடு அரைத் துண்டு, அன்றைக்கு வேறு பலகாரம் கிடையாது.

வெளியே வைத்தால் நம் கடற்கரைக் காற்றில் மூன்றாம் நாளே பூசணம் பிடிக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், எங்கள் வீட்டில் அதுவரை மிச்சம் இருந்ததில்லை.