சர்ரியலிசத்தைத் தொடங்கியது டாலியா? அது எப்படிப் பரவியது?

கனவையும் ஆழ்மனதையும் கலையாக்க முயன்ற இயக்கம் சர்ரியலிசம். அதைத் தொடங்கியவர் ஸ்பானிய ஓவியர் சால்வதோர் டாலி இல்லை. அவர் பாரிஸ் சர்ரியலிசக் குழுவில் சேர்ந்ததே 1929-இல்தான்.

தொடங்கியவர்கள் ஓவியர்களே அல்ல, கவிஞர்கள். முதல் உலகப் போரின்போது ஆந்த்ரே பிரெத்தோன் என்ற மருத்துவ மாணவர், மனம் சிதைந்த போர்வீரர்கள் இருந்த மருத்துவமனையில் வேலை பார்த்தார். அவர்களுடைய பேச்சும், ஆழ்மனம் பற்றிய ஃபிராய்டின் கருத்துகளும் அவரை உலுக்கின. 1919-இல் நண்பர் பிலிப் சூப்போவுடன் சேர்ந்து, திருத்தாமல், மனதில் தோன்றியதைத் தோன்றிய வேகத்தில் எழுதிப் பார்த்தார். அப்புறம் சில ஆண்டுகள் கலை மரபுகளைக் கேலி செய்த ‘தாதா’ (Dada) கலை இயக்கத்தின் கலாட்டா. 1924-இல் பிரெத்தோனின் சர்ரியலிச அறிக்கை வந்தது. அதில் ஓவியர்களுக்குக் கிடைத்த இடம் ஓர் அடிக்குறிப்புதான்!

சரி, யோசிக்காமல் எழுதலாம், யோசிக்காமல் வரைவது எப்படி? ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் மரத்தரையில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பதிந்த ரேகைகளிலிருந்து காடுகளும் விலங்குகளும் எழுந்தன. எனக்கு டாலியின் உருகும் கடிகாரங்களைவிட இதுதான் அசல் சர்ரியலிசமாகத் தெரிகிறது.

பரவியதற்குக் கண்காட்சிகள் ஒரு காரணம். 1936-இல் லண்டன் கண்காட்சியில் டாலி முக்குளிப்பு உடையில் உரையாற்ற வந்து, மூச்சுத் திணறிப் பிழைத்தார். பெரிய காரணம் நாஜிகள். அவர்களிடமிருந்து தப்பி 1941-இல் பிரெத்தோனும் எர்ன்ஸ்ட்டும் நியூயார்க் சேர்ந்தார்கள். ஜாக்சன் போலாக் தலைமுறை அமெரிக்க ஓவியர்கள் அங்கே பற்றிக்கொண்டது கனவுக் காட்சிகளை அல்ல, கையை அதன் போக்கில் விடும் அந்த முறையை.